கட்டிலோரத்து டிம்மர்

அத்தியாயம் 6

“கேஸ் எழுதிட்டாவன்னா நான் செத்தேன்க்கா” என்றான் சுடலைக்கண்ணன்.

நான்காவது தடவை. முதல் தடவை சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது. இப்போது, சீக்கிரம் எழுதித் தொலைக்கட்டுமே என்று இருந்தது. இப்படி மூக்கை உறிஞ்சுகிற ஆசாமிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் பஞ்சு. முழுப்பெயர் பஞ்சாபகேசன், அதைச் சொல்லி முடிப்பதற்குள் லோக்கல் டிரெயினில் ஒரு ஸ்டேஷன் போய்விடும். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில், பெல்ட் தைக்கிற பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைத் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளன். முதலாளி ஹாஃபிஸா அக்கா. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. பாம்பேயில் பாதி மாப்பிள்ளைகள் தேற மாட்டார்கள் என்பதால் பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது.

“மூக்கத் தொடச்சுட்டு மொதல்ல இருந்து சொல்லு” என்றாள் அக்கா.

“திங்கக்கெழம டிராம்பேல வேலைக்குச் சேரணும்க்கா. ரிஃபைனரி கான்ட்ராக்டு. கேட் பாஸுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்காவ. எம்மேல ஒரு கேஸுன்னு வந்துட்டா கேட்டுப் பக்கமே விட மாட்டாவ. ஏழு வருசமா வீடு வீடா பல்பு மாட்டிக்கிட்டு அலையுதேன். இப்பதான் ஒரு நெலையான வேல கெடச்சுது.”

“கேஸு குடுத்தது யாரு?”

“மாட்டுங்கா பத்ரி சார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீடும் மாட்டுங்காதான், பத்ரி எங்கள் அடுத்த தெரு. இருபது வருஷமாக ஒரே ஹவுசிங் சொசைட்டிக்கு செகரட்டரி. வாட்ச்மேன் தும்மினால்கூட லெட்டர்ஹெட்டில் கண்டித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவர். அவர் வீட்டு லிஃப்டில் செருப்புக்கு நம்பர் போட்டுத்தான் ஏற வேண்டும் என்று ஒருநாள் சர்க்குலர் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

“என்ன காணோமாம்? நகையா?” என்றேன்.

“பொஸ்தகம்ணே. மினிட்ஸ் புக்கு.”

விஷயம் இதுதான். அந்தப் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறான். போன மாதம் மீட்டிங் போட்டு, இருபத்திரண்டு மெம்பர்கள் “உனக்குத் தர மாட்டோம்” என்று மினிட்ஸ் புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு புத்தகம் போனால் அந்த ஓட்டும் போச்சு. அது செகரட்டரி வீட்டு ஹாலில், ஷோகேஸில் இருந்தது. நேற்று மத்தியானம் காணாமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்து போன ஒரே வெளியாள் சுடலைக்கண்ணன். பில்டரிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு தூக்கிவிட்டான் என்பது பத்ரியின் புகார்.

“நீ அங்க எதுக்குப் போன?”

“மூணு வாரம் முந்தி ஹால் லைட்டுக்கு, வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்க, டிம்மர் மாட்டிக் குடுத்தேன்க்கா. வாசக்கதவுகிட்ட ஒண்ணு, உள்ள கட்டில்கிட்ட ஒண்ணு. மாடிப்படி லைட்ட கீழ போட்டு மேல அணைப்போம்லா, அதே மாதிரி ரெண்டு எடத்துல இருந்து. நேத்து பல்ப மாத்தணும்னு கூப்பிட்டாரு. ரெண்டு மணிக்குப் போனேன், ரெண்டேகாலுக்கு முடிச்சு கதவச் சாத்திட்டு எறங்கிட்டேன். கொறட வச்சுட்டு வந்துட்டேன்னு ரெண்டரைக்குத் திரும்ப ஏறுனேன். பெல் அடிச்சேன், தொறக்கல. வாசக்கதவுக்கு மேல ஒரு கண்ணாடி உண்டு. அதுல பாத்தா லைட்டு ரொம்பக் கொறச்சலா எரிஞ்சுது. சரி, தூங்குதாவ போலன்னு வந்துட்டேன். இத அப்படியே போலீஸ்ல சொன்னேன். ‘அப்போ நீ திரும்பி வந்தத ஒத்துக்கிட்ட’ன்னு எழுதிக்கிட்டாவ.”

“யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்ன எலெக்ட்ரீஷியனை நான் இப்போதான் பாக்கறேன்” என்றேன். “உன்னை மியூசியத்துல வைக்கணும்.”

“பஞ்சு, சித்த வாய மூடு.” அக்கா அவனையே பார்த்தாள். “வேற எதையும் மறைக்கியா?”

“இல்லக்கா” என்றான், காலைப் பார்த்துக்கொண்டு. அந்தக் காலுக்குக்கூடத் தெரிந்திருக்கும், பொய் என்று.

சப் இன்ஸ்பெக்டர் கேஷவ் ஐந்து மணிக்கு பத்ரி வீட்டுக்கு வருவதாகவும், சுடலைக்கண்ணனும் அங்கே இருக்க வேண்டும் என்றும் உத்தரவு. மணி மூன்றரை. டாக்ஸி பிடித்தோம்.

மழைக்காலம். பத்ரியின் கட்டடம் முழுக்க நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. அதனால் நாலு மணிக்கே ஹால் கும்மிருட்டு, லைட் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. சுடலைக்கண்ணனைப் படியிலேயே நிறுத்திவிட்டு பெல் அடித்தோம். பத்ரி உள்ளேயிருந்தே “தள்ளிண்டு வாங்கோ” என்றார். காணாமல் போன புத்தகத்தைக் கண்டுபிடிக்க வந்திருக்கிறோம் என்று சொல்லி உள்ளே போனோம். அது உண்மைதானே.

பத்ரி எங்களை பெட்ரூமில் வைத்துப் பார்த்தார். ஏசி ஓடியது. தேக்கு மரத்தில் பெரிய பாக்ஸ் கட்டில். அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நாற்காலி கிடையாது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை.

“எங்கேர்ந்து வரேள்?” என்று அக்காவைக் கேட்டார்.

“தாராவி சார்.”

அதோடு அக்கா அவருக்கு இல்லாமல் போய்விட்டாள். மீதிப் பேச்சு முழுக்க என்னிடம்தான். “நீ நம்ம ஏரியாப் பையன்னா? படிச்ச குடும்பம். போயும் போயும் இந்த வேலையா?”

“நல்ல வேலையெல்லாம் உங்க தலைமுறையே முடிச்சிடுத்தே மாமா” என்றேன்.

அவருக்கு அது காதில் விழவில்லை. அடுத்தவர் பேசுவது காதில் விழாமல் இருப்பதற்குத்தான் இருபது வருஷம் செகரட்டரியாக இருந்து பழகியிருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நான் சும்மா புகார் குடுக்கறவன் இல்லை. ப்ரூஃப் வெச்சிருக்கேன். லைட்தான் ப்ரூஃப். கேட்டுக்கோ. ரெண்டேகாலுக்கு அவன் கதவைச் சாத்திண்டு போன சத்தம் கேட்டுது. ஹால்ல லைட் ஃபுல்லா எரியறது, இந்தக் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியறதோல்லியோ! இதோ, இந்த நாபைத் திருகி மினிமம் பண்ணினேன். கண்ணை மூடிண்டேன். ரெண்டரைக்கு பெல். பாதித் தூக்கம், நான் எழுந்துக்கலை. அது அவன்தான். நான் தூங்கறேனான்னு செக் பண்றான். மூணு மணிக்கு எழுந்து ஹாலுக்குப் போறேன், லைட் ஃபுல்! ஷோகேஸ் திறந்து கிடக்கு! நான் குறைச்ச லைட்டை ஏத்தினது யாரு? சொல்லு பார்ப்போம்.”

“யாரு மாமா?”

“திருட வந்தவன்! இருட்டுல புக்கைத் தேட முடியுமா? வாசக் கதவு லாட்ச் சரியா விழாது. தள்ளிண்டு வந்து, லைட்டை ஏத்தி, எடுத்துண்டு போயிட்டான். இதை அப்படியே ஸ்டேட்மெண்டா எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அந்த இன்ஸ்பெக்டரே அசந்துட்டான்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அசந்துவிட்டேன். ஒரு நிமிஷம் சுடலைக்கண்ணன்தான் எடுத்திருப்பானோ என்றுகூடத் தோன்றியது.

“ரெண்டு பக்கமும் டிம்மரா சார்?” என்றாள் அக்கா.

பத்ரி அவளைப் பார்க்காமலே பதில் சொன்னார். “அந்தப் பய ஒரு பக்கம் போதும்னான். ரெண்டு போட்டா வேலை செய்யாதாம். எனக்குப் பாடம் எடுக்கறான்! நாலெழுத்து படிச்சிருப்பானா? ரெண்டு பக்கமும் டிம்மர்தான் வேணும்னு சொல்லிட்டேன். இப்போ பாரு, ஜம்முனு வேலை செய்யறது. தினம் ராத்திரி பத்து மணிக்கு இங்கேர்ந்தே ஹால் லைட்டைக் குறைக்கறேன்.”

“ஒருக்கா காட்டுங்க சார். பஞ்சு, நீ ஹால்ல போயி நில்லு.”

போய் நின்றேன். ஏசி காற்று போய்விடும் என்று பத்ரி கதவைச் சாத்தச் சொன்னார். தலைக்கு மேல் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. உள்ளேயிருந்து பத்ரியின் குரல் கேட்டது: “பார்த்தியா, எப்படி இறங்கறது! பட்டு மாதிரி!”

பல்பு இறங்கவில்லை. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்து “மாமா, ஒண்ணும்...” என்று ஆரம்பித்தேன். அக்கா முந்திக்கொண்டாள். “ரொம்ப நல்லா இருக்கு சார்.” அவள் கண், வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்றது. பத்ரி நாபையும் பார்த்திருக்க மாட்டார், கதவடி வெளிச்சத்தையும் பார்த்திருக்க மாட்டார். எங்கள் முகத்தில் வியப்பு வருகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து படியில் சுடலைக்கண்ணனை அக்கா பிடித்துக்கொண்டாள். “கட்டில்கிட்ட என்னடா மாட்டி வச்சிருக்க?”

அவன் முகம் செத்துப்போயிற்று. “அக்கா... ஒரு லைன்ல ரெண்டு டிம்மர் போடக் கூடாதுக்கா. ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டும். பல்பு மினுக்கும், உறுமும், ஒரு வாரத்துல ரெண்டும் போயிரும். ஒரு பக்கம் டிம்மர், இன்னொரு பக்கம் சாதா டூ வே ஸ்விட்ச். அதான் மொற. சொன்னேன், அவரு கேக்கல. வஞ்சாரு. அப்பதான் சார் சம்சாரம் விஜயலட்சுமி அம்மா என்னைய அடுக்களைக்குக் கூப்பிட்டு, ‘அவர்கிட்ட மல்லுக்கு நிக்காதே, ஒரு நாபை மாட்டிக் குடு, திருப்திப்படட்டும்’னாவ. உள்ள வெறும் டூ வே ஸ்விட்ச்தான். அமுக்குனா எரியும், அமுக்குனா அணையும். திருகுனா சும்மா சுத்தும்.”

“மூணு வாரமா அது தெரியாம இருக்காரா?”

“ராத்திரி பத்து மணிக்கு அம்மா வாசக்கதவுக்குத் தாப்பா போடும்போது அங்கன உள்ள நெசமான டிம்மர்ல கொறச்சு வச்சுருவாவ. இவரு தாம் கொறச்சதா நெனச்சுக்கிடுவாரு.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக அந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான் நடந்திருக்கும். மாமி செய்வாள், மாமா நாபைத் திருகிக்கொண்டிருப்பார்.

“இதை ஏண்டா போலீஸ்ல சொல்லலை, முட்டாள்?” என்றேன்.

“யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மாட்ட சத்தியம் பண்ணிருக்கேன்ணே. அம்மா வேற நேத்துக் காலையிலயே சான்பாடால அவுக தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாவ.”

“ஜெயிலுக்குப் போனாலும் சத்தியமா? அரே, தலையில மூளை இருக்கா, ஒயர் சுத்தி வெச்சிருக்கியா?”

அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். “ரெண்டரைக்கு நீ கண்ணாடி வழியாப் பாத்தப்போ லைட்டு கொறச்சலாத்தான் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“ஆமாக்கா. கொறச்சலாத்தான் இருந்துச்சு.”

அக்கா சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரிக்கும்போது எனக்குப் புரியாமல் இருப்பது வழக்கம்தான்.

ஐந்து மணிக்கு கேஷவ் வந்தான். எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட்டு வடாபாவ் சாப்பிடப் போக வேண்டும் என்கிற அவசரம் அவன் தொப்பையிலேயே தெரிந்தது. அவனுக்காகப் பேச்சு இந்திக்கு மாறியது; நான் தமிழிலேயே சொல்கிறேன். சுடலைக்கண்ணனையும் சேர்த்து எல்லோரும் பெட்ரூமில் நின்றோம். பத்ரி இன்னும் கட்டிலில்தான்.

“ரெண்டே நிமிஷம் சாப்” என்று கேஷவிடம் சொல்லிவிட்டு அக்கா பத்ரியின் பக்கம் திரும்பினாள். “சார், இவன் கதவச் சாத்திட்டுப் போன பொறவும் ஹால்ல லைட்டு ஃபுல்லா எரிஞ்சுதா?”

“அதான் எழுதிக் குடுத்திருக்கேனே.”

“அதுக்குப் பொறவுதான் கொறஞ்சுதா?”

“என் கண்ணால பார்த்தேன். கதவுக்கு அடியில வெளிச்சம் அப்படியே மங்கித்து.”

“வீட்ல வேற யாரும் இல்ல?”

“ஆத்துக்காரி சான்பாடால. நான் மட்டும்தான். கட்டிலை விட்டு நான் இறங்கவே இல்லை.”

“இப்ப ஒருக்கா கொறச்சுக் காட்டுங்க. கதவு தொறந்தே இருக்கட்டும்.”

பத்ரி அலட்சியமாக நாபைத் திருகினார். ஹால் லைட் அசையவில்லை. மறுபடி திருகினார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினார். பாத்திரம் துலக்குகிற மாதிரித் திருகினார். லைட் அப்படியே நின்றது.

“ரிப்பேர் பண்ணிட்டான்!” என்று அலறினார். “நேத்து வந்து ரிப்பேர் பண்ணிட்டான்!”

“ரிப்பேர் இல்ல சார். அது மொதல்ல இருந்தே பொம்மைதான்” என்றாள் அக்கா.

நான் பயந்ததே நடந்தது. கேஷவ் சுடலைக்கண்ணனின் சட்டையைப் பிடித்தான். “ஏமாத்துக்காரன்! இதிலேயே தெரியலையா இவன் யாருன்னு? சல், ஸ்டேஷனுக்கு!” சுடலைக்கண்ணன் வாயைத் திறக்கவில்லை. அந்த மடையன் அப்போதும் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

அக்கா மொபைலை எடுத்து, சுடலைக்கண்ணனிடம் நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னாள். மறுமுனையில் விஜயலட்சுமி மாமியின் குரல், நல்ல இந்தியில், நிதானமாக வந்தது.

“அந்தப் பையனை விடுங்கோ. பொம்மையை மாட்டச் சொன்னது நான்தான். ஒரு டிம்மருக்குத்தான் காசு வாங்கிண்டான். அவர்கிட்ட ரெண்டுக்குன்னு சொல்லி வாங்கினது நான்.” பிறகு தமிழில்: “ஏன்னா, நேத்து ராத்திரி நான் இல்லையே, லைட்டை யார் குறைச்சா? விடிய விடிய ஃபுல்லா எரிஞ்சிருக்குமே, பார்க்கலையா?”

பத்ரி நாபிலிருந்து கையை எடுத்தார். நான் மனசுக்குள் மாமிக்கு ஒரு சலாம் போட்டேன்.

கேஷவ் சட்டையை விட்டான். ஆனாலும் விடாக்கண்டன். “சரி, நாப் பொம்மை. லைட் குறையவே இல்லை, இந்தப் பெரியவர் குறைஞ்சதா நினைச்சுக்கிட்டார். புக் போனது போனதுதானே?”

“லைட்டு கொறஞ்சுது சாப்” என்றாள் அக்கா. “வெளிய நின்ன இவன் ரெண்டரைக்குக் கண்ணாடில பாத்திருக்கான். உள்ள இருந்த அவரும் கண்ணால பாத்தேங்காரு. புகார் குடுத்தவரும் மாட்டிக்கிட்டவனும் ஒத்துப்போற விஷயம் இது. லைட்டு ஃபுல்லா எரியும்போது இவன் கதவச் சாத்திட்டுப் போனான். அப்புறம் கொறஞ்சுது. கட்டில்ல இருந்து கொறைக்க முடியாது. வாசக்கதவுகிட்ட நின்னாத்தான் முடியும். வீட்டுக்குள்ள இருந்தது ஒரே ஆளு.”

கேஷவின் கழுத்து மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பியது.

“இவன் எறங்கிட்டான்னு தெரிஞ்சதும் நீங்க எந்திரிச்சு ஹாலுக்குப் போனீங்க சார். கண்ணாடி வழியா யாரும் பாத்துறக் கூடாதுன்னு லைட்டக் கொறச்சீங்க. ஷோகேஸத் தொறந்து புக்க எடுத்தீங்க. கையில புக்கு இருக்கும்போது பெல் அடிச்சுது. மூச்சுக்கூட விடாம நின்னிருப்பீங்க. வந்தவன் லைட்டு கொறஞ்சத பாத்திருப்பானேன்னு அப்புறந்தான் பயம் வந்துச்சு. கட்டில விட்டு எறங்காமலே லைட்டு எப்படிக் கொறஞ்சுதுன்னு ஒரு கத வேணும். அதுக்குத்தான் இந்த நாபு. மூணு மணிக்கு லைட்ட ஏத்தி வச்சதும் நீங்கதான், திருடன் மேல பழியப் போட. அது வேல செய்யாதுன்னு அவன் மூணு வாரம் முந்தியே சொன்னான், நீங்கதான் கேக்கல.”

“பொய்! இவ யாரு, தாராவிலேர்ந்து வந்து...” பத்ரியின் குரல் பாதியிலேயே சுருங்கிவிட்டது.

“சாப், நாங்க நாலு மணிக்கு வந்ததுல இருந்து இவரு இந்தக் கட்டில விட்டு எந்திரிக்கல. நீங்க வந்தப்பவும் எந்திரிக்கல.”

போலீஸ்காரன் வந்தால் செகரட்டரி எழுந்து நிற்பார், டீ போடச் சொல்வார், பல்லைக் காட்டுவார். அது எனக்குத் தோன்றவே இல்லை. கேஷவுக்கு இப்போது தோன்றியது. “உடோ” என்றான்.

பத்ரி எழுந்தார். மெத்தையை நானே தூக்கினேன். அந்தச் சந்தோஷத்தை வேறு யாருக்கும் விட்டுத்தர மனசில்லை. கட்டிலுக்குள் இருந்த பாக்ஸின் பலகையைத் திறந்தால், குளிர்காலக் கம்பளிக்கு அடியில் சிவப்பு அட்டை போட்ட மினிட்ஸ் புக். இருபத்திரண்டு கையெழுத்தும் அதில் பத்திரமாக இருந்தன. நேற்று மத்தியானத்திலிருந்து மனுஷர் அதன்மேல்தான் படுத்துப் புரண்டிருக்கிறார்.

“அந்த பில்டர் கூடுதலா ஒரு ரூம் தரேன்னான்” என்றார் பத்ரி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கார்னர் ஃபிளாட். தெற்கு பார்த்த பால்கனி.”

ஒரு பால்கனி. அதற்காக இருபத்திரண்டு குடும்பத்தின் கையெழுத்தையும், ஒருத்தனின் வேலையையும் கம்பளிக்கு அடியில் திணித்துவிட்டார். காறித் துப்பலாம் போல இருந்தது. அதற்கும் சர்க்குலர் போடுவார் என்று விட்டுவிட்டேன்.

கேஷவ் ஸ்டேட்மெண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தான். பொய்ப் புகார் கொடுத்ததற்குத் தனி கேஸ் உண்டு, நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வா என்றான். மெம்பர்களில் யாரையாவது கூட்டி வந்து புத்தகத்தை ஒப்படைப்பதாகச் சொல்லிக்கொண்டே வெளியே போனான். போகிற போக்கில் சுடலைக்கண்ணனின் தோளில் தட்டினான். “உன் பேர்ல ஒண்ணும் இல்ல. ஜா, வீட்டுக்குப் போ.”

சுடலைக்கண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அக்கா திரும்ப ஒருமுறை சொன்னாள். “கேஸ் இல்லடா. வெரிஃபிகேஷன் வந்துரும்.”

அப்போது பத்ரி அவன் பக்கத்தில் போனார். இதுவரை “அவன்”, “அந்தப் பய” என்று மட்டும் சொன்னவருக்கு முதல்முறையாக அவன் பெயர் ஞாபகம் வந்தது.

“சுடலைக்கண்ணா, நம்ம கட்டடத்துல யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசாதே, என்ன? மாடிப்படி லைட்டு, பம்ப் ரூம், டெரஸ், எல்லாம் ஒயரிங் மாத்தணும்னு ரொம்ப நாளா நினைச்சிண்டிருக்கேன். மொத்தத்தையும் உனக்கே குடுத்துடறேன். திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடலாம். நீ கேட்கறதைத் தரேன்.”

கார்னர் ஃபிளாட் காட்டி இவரை எப்படி வளைத்தார்களோ, அதே மாதிரி. ஏழு வருஷமாக பல்பு மாட்டி அலைகிறவன், பாவம், பல்லிளித்துக்கொண்டு ஒத்துக்கொள்வான் என்று நானும் நினைத்தேன். அவனைப் பற்றி நான் நினைத்த எதுவுமே அன்றைக்குச் சரியாக இல்லை.

“திங்கக்கெழம எனக்கு வேல இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு, எங்களுக்காகக்கூடக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனான்.